சாதுச் சேவலும் அயல் வீட்டு நித்திரையும்

வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே செல்லும் ஒழுங்கைகளுள் ஒன்றில், முற்றமும் கோடியும் இன்னும் எஞ்சியுள்ள பழைய வீடொன்றிலே நாம் குடியிருக்கின்றோம். ஒருபுறம் ஐந்து மாடித் தொடர்மனை. மறுபுறம், எம்மைப் போலவே வீட்டை விற்க மனமின்றி இருந்துவந்த முதிய தம்பதியரின் இல்லம். இச்சிறு வளவிலே ஆறு பேடுகளும் ஒரு சேவலும் எம்மோடு வாழ்கின்றன என்று கூறினால், 'கொழும்பிலே கோழி வளர்ப்பா?' என்று நேயர்கள் வியக்கக்கூடும். கல்லூரியில் எம்முடன் கற்பிக்கும் நண்பர்களும் அவ்வாறே வியந்தார்கள். 2022ஆம் ஆண்டை நினைவூட்டியதும் அடங்கிவிட்டார்கள்.

அவ்வாண்டை எவர் மறப்பர்? எரிவாயுவுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு வேறொரு வரிசை. அந்நியச் செலாவணி வற்றிவிட்டமையால் கோழித் தீனிக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. பண்ணைகளிலே கோழிகள் குறைந்தன. முட்டை விலை ஏறிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் அரசாங்கம் வெள்ளை முட்டை 43 ரூபா, சிவப்பு முட்டை 45 ரூபா என்று உச்ச விலை விதித்தது. விலை குறைந்ததோ இல்லையோ, கடையிலே முட்டை குறைந்தது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவேண்டிய நிலைமையும் உண்டாயிற்று. முட்டையின்றி வாழ்வது சைவக் குடும்பத்துக்குப் பெருந் துன்பமன்று என்று மேடையிலே சொல்லலாம். வளரும் பிள்ளைகள் இருவருள்ள வீட்டில் அதைச் சொல்லிக்கொண்டிருத்தல் எளிதன்று. ஆகவே கோடியிலே பழைய தகரங்களைக் கொண்டு ஒரு கூடு எழும்பிற்று.

இவ்விடத்தில் பலருக்குள்ள ஓர் ஐயத்தை முதலிலே நீக்கிவிடுதல் நன்று. பேடு முட்டையிடுவதற்குச் சேவல் வேண்டியதில்லை. சேவல் இல்லாவிடினும் பேடு தன் கணக்கிலே முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். அம்முட்டை பொரியாது, அவ்வளவே. அடை வைத்து இருபத்தொரு நாளில் குஞ்சு காண விரும்புவோருக்குத்தான் சேவல் அவசியம். எட்டுப் பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதும். எமக்குக் குஞ்சும் வேண்டியிருந்தது. அதிலும் மேலாக, பிள்ளைகளுக்கு ஒரு சேவல் வேண்டியிருந்தது. வினை அங்கேதான் தொடங்கிற்று.

முதலிலே வாய்த்த சேவலைக் குஞ்சாகவே வாங்கினோம். தாயுமில்லை, கூடப் பிறந்தவையுமில்லை, ஒற்றைக் குஞ்சு. மகன் அதனைச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு திரிந்தான். சற்று வளர்ந்ததும், கால் நுனியால் அதன் நெஞ்சைத் தள்ளுவான், அது சிலிர்த்துக்கொண்டு துள்ளிப் பாயும், வீடே சிரிக்கும். நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. பதினான்கு மாதங் கழித்து ஒரு ஞாயிறு காலையில், தண்ணீர்ச் சட்டியை எடுக்கக் குனிந்த மகளின் காலிலே அதே சேவல் பாய்ந்தது. இம்முறை அதன் குதியிலே முள் இருந்தது. மூன்று தையல், ஏற்புவலி வராதிருக்க ஓர் ஊசி, ஒரு வாரம் பள்ளிக்கூடம் இல்லை. காயம் சற்று மேலே முழங்காற் சில்லிலே பட்டிருந்தால், அல்லது குனிந்த பிள்ளையின் கண்ணிலே பட்டிருந்தால்? அதை நினைத்து நாம் பல இரவுகள் உறங்கவில்லை. சேவல் அன்று மாலையே வளவைவிட்டுப் போயிற்று. எங்கே போயிற்று என்று பிள்ளைகள் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

செய்தியை அறிந்த எம் தந்தையார் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார். நாம் பிறந்து வளர்ந்த அந்த வீட்டிலே, கிணற்றடிக்கும் மதிலுக்கும் இடைப்பட்ட துண்டு நிலத்தில் அவர் நாற்பது ஆண்டு கோழி வளர்த்தவர். பேத்தியின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு எம்மைத்தான் நோக்கினார்.

"சேவலிலை பிழை இல்லை. சண்டை பிடிக்கப் பழக்கினது நீங்கள். மனிசனும் தன்னைப் போலை ஒரு சேவல் எண்டு அது நினைச்சுப் போட்டுது" என்றார். பிறகு, "பாயிற சேவலின்ரை முட்டையை ஒருநாளும் அடை வையாதை" என்றும் கூறினார்.

இவ்விரு வாக்கியங்களிலும் ஒரு பெரிய சாத்திரமே அடங்கியிருக்கின்றது. முதலாவது, பழக்கம், இரண்டாவது, பரம்பரை. இரண்டாவதை அறிஞரும் சோதித்திருக்கின்றனர். எமது வீட்டுக் கோழிகளின் முன்னோர் தென்கிழக்காசியக் காடுகளிலே வாழும் சிவப்புக் காட்டுக்கோழிகள். தாய்லாந்திலே பான் நொன் வாட் என்னும் இடத்தில் அகழ்ந்தெடுத்த எலும்புகளை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்னரே கோழி அங்கு மனிதரோடு வாழத் தொடங்கிற்று என்று 2022இல் வெளியிட்டனர். வயலிலே சிந்திய தானியமே காட்டுக்கோழியை ஊருக்கு அழைத்து வந்தது என்பது அவர்களது கருத்து. சுவீடனிலுள்ள லிங்சோப்பிங் பல்கலைக்கழகத்தார் அந்தக் காட்டுக்கோழிகளையே வளர்த்து, மனிதரைக் கண்டு மிரளாதவற்றை மட்டும் தெரிந்து, தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினார்கள். சில தலைமுறைகளுக்குள் அச்சங் குறைந்ததோடு உடலும் பருத்தது, முட்டையும் பெருத்தது. பத்துத் தலைமுறையாகும்போது உடலின் அளவுக்கு மூளை சிறுத்திருந்ததாம். சாதுவானவர்களுக்கு மூளை குறைவு என்று இதிலிருந்து முடிவு கட்டவேண்டாமென எம் மாணவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

இலங்கையின் தேசியப் பறவையாகிய காட்டுக்கோழி இதனின் வேறான ஓர் இனம். சிங்கள மக்கள் வலிகுகுளா என்பர். சிவந்த கொண்டையின் நடுவிலே மஞ்சள் நிறம் தீட்டியதுபோலிருக்கும். யால, வில்பத்துக் காடுகளிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் அதைப் பார்த்து மகிழலாம். கூட்டுக்குரிய பறவை அன்று.

பரம்பரையைப் பற்றிப் பேசும்போது போர்ச்சேவலைக் குறிப்பிடாமல் விடமுடியாது. தமிழகத்திலே சேவற்கட்டுக்கென்று வளர்க்கப்பட்ட அசில் இனம் மற்றொரு சேவலைக் கண்டால் உயிரையும் பொருட்படுத்தாது. அதே சேவல் தன்னை வளர்ப்பவனின் கையிலே பூனைக்குட்டி போல் அடங்கியிருக்கும். கையிலே ஏந்திக் களத்துக்குக் கொண்டு செல்பவனைக் கொத்தும் சேவலை எவனும் வைத்திருக்கமாட்டானல்லவா? சேவலோடு சேவல் பொருதும் குணமும், மனிதர்மேற் பாயும் குணமும் வெவ்வேறு என்பதை இதனால் அறியலாம். வீரம் குன்றாமலே சேவல் சாதுவாக இருக்கக்கூடும். கந்தபுராணத்திலே சூரபன்மன் வேலாற் பிளவுண்டு மயிலும் சேவலுமாய் எதிர்த்து வந்து, பெருமானின் அருள்நோக்கத்தாற் பகைமை நீங்கிய பின்னரே அச்சேவல் கொடியில் ஏறிற்று என்ற கதையை நாம் சிறு வயதிலே கேட்டிருக்கின்றோம். ஆடிவேல் விழாவுக்குச் செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்படும்போது அக்கொடியைப் பார்த்தால், இப்பொழுது எமக்கு மகளின் கால் நினைவுக்கு வருகின்றது.

இரண்டாவது சேவல் கிளிநொச்சியிலுள்ள உறவினர் வளவிலிருந்து வந்தது. தந்தையாரே போய்த் தெரிந்தெடுத்தார். அங்கே ஒத்த வயதுச் சேவல்கள் மூன்று நின்றன. அவர் ஒரு கதிரையைப் போட்டு முற்றத்திலே அரைநாள் உட்கார்ந்திருந்தாராம். ஒன்று, அவர் எழுந்து நடந்தபோது செட்டையைத் தாழ்த்திப் பக்கவாட்டிலே சுற்றி வந்தது; அது சண்டைக்கு அழைக்கும் அறிகுறி. மற்றொன்று, கண்ட மாத்திரத்தில் வேலிக்கு மேலாற் பறந்தது. மிரளும் சேவலும் ஆகாது. மூன்றாவது மட்டும் நாலடி விலகி, வழிவிட்டு, தன் வேலையைப் பார்த்தது. "இதுதான்" என்றார். அதன் தந்தைச் சேவலும் அங்கேயே இருந்தது. பெரிய சேவலின் கீழ் அடங்கி வளர்ந்த இளஞ்சேவலுக்கு மரியாதை தெரியும் என்பது அவரது அநுபவம். கரப்பிலே வைத்து இரவு பஸ்ஸிலே கொழும்புக்குக் கொண்டுவந்தார். வழியிலே ஒருமுறைதான் கூவிற்றாம். பஸ் முழுவதும் விழித்துக்கொண்டது.

இம்முறை வீட்டிலே சில விதிகள் விதிக்கப்பட்டன. சேவலைத் துரத்தக்கூடாது. காலால் தள்ளக்கூடாது. அதற்குக் கையிலே தீன் ஊட்டி வளர்ப்புப் பிள்ளை ஆக்கக்கூடாது. குறுணி அரிசியையும் தவிட்டையும் தரையிலே இட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கூட்டுக்குள் நுழையும்போது ஓடவும் கூடாது, பதுங்கவும் கூடாது, நேரே நடக்கவேண்டும். தூக்க நேர்ந்தால் மாலையிலே, அது கூடடைந்த பின் இரு கைகளாலும் செட்டையோடு அணைத்துத் தூக்கவேண்டும். குதிமுள்ளின் கூர்நுனியை நாம் அரத்தினால் மழுக்கிவிட்டோம். மகள் ஆறு மாதம் கோடிப்பக்கம் வரவேயில்லை. ஒருநாள் தானாகவே வந்து தண்ணீர்ச் சட்டியை எடுத்தாள். சேவல் நாலடி விலகி நின்றது. அவள் கை நடுங்கியதைக் குசினி யன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம், கூப்பிடவில்லை.

நல்ல சேவல் செய்யும் தொண்டுகளைக் காணக் காண வியப்பாக இருக்கும். ஒரு புழுவோ, தேங்காய்ப் பூவோ அகப்பட்டால் அது தான் விழுங்குவதில்லை. 'கொக் கொக்' என்று அழைத்து, சொண்டினால் எடுப்பதும் போடுவதுமாக நின்று, பேடு வந்து உண்ணும்வரை காத்திருக்கும். அவுஸ்திரேலியாவிலே சிட்னி நகரத்து மக்குவாரிப் பல்கலைக்கழகத்தில் இந்த அழைப்பையே ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார்கள். சில சேவல்கள் தீன் எதுவும் இல்லாதபோதும் அவ்வாறே அழைத்துப் பேட்டை ஏமாற்றுமென்றும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். எம் சேவலும் அதற்கு விலக்கன்று. முதிய பேடொன்று அந்த அழைப்பைக் கேட்டு இப்பொழுதெல்லாம் தலையைக்கூடத் திருப்புவதில்லை.

காவலே அதன் பெரிய தொண்டு. மேலே பருந்து வட்டமிட்டால் ஒருவகை ஒலி, மெல்லியதாய் நீண்டு வரும். பேடுகள் புதருக்குள் ஒடுங்கும். தரையிலே பூனையோ கீரியோ வந்தால் வேறுவகை ஒலி, விட்டு விட்டு உரத்து எழும். பேடுகள் கழுத்தை நிமிர்த்தி நிற்கும். இவ்விரு ஒலிகளையும் பதிவுசெய்து பேடுகளுக்குக் கேட்கச் செய்தபோதும், பகைவனைக் காணாமலே அவை அதற்கேற்ப நடந்துகொண்டன என்று 1993இல் அறிஞர் எழுதியுள்ளனர். எமக்கு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கத்திலிருந்து கபரகொய்யா ஒன்று ஒருநாள் பின்மதிலின் ஓட்டையாற் புகுந்தது. அடைக்கோழி ஒன்பது குஞ்சுகளோடு வாழையடியிலே நின்றது. சேவல் எழுப்பிய ஓலத்தைக் கேட்டு நாம் விளக்குமாற்றோடு ஓடிப் போனபோது, அது சிறகை விரித்துக் கபரகொய்யாவுக்கும் குஞ்சுகளுக்கும் இடையில் நின்றது. வால் இறகுகள் பாதி போய்விட்டன. குஞ்சு ஒன்றும் போகவில்லை. நாம் தடுமாறி அதன்மேலேயே ஏறக்குறைய மிதித்துவிட்டோம். அவ்வளவு வெறியிலும் அது எம்மேல் திரும்பவில்லை. அன்றுதான் அதனை முழுதும் நம்பினோம். காகங்களைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். கொழும்பின் காகத்திடமிருந்து குஞ்சைக் காப்பது முழுநாள் உத்தியோகம்.

தமிழாசிரியரின் பழக்கத்தால் இவ்விடத்தில் ஒரு சிறு இலக்கணம். சேவல் என்ற பெயர் கோழிக்கு மட்டும் உரியதன்று. சிறகுள்ள ஆண் பறவைகளுக்கெல்லாம் உரியது, மயிலுக்கு மட்டும் ஆகாது என்கின்றது தொல்காப்பியம். அளகு என்ற பெயரோ பெண் கோழிக்கும் பெண் கூகைக்கும் மாத்திரமே உரியது. வாரணம் என்றால் யானையும் ஆம், கோழியும் ஆம். உறையூருக்குக் கோழி என்றொரு பெயருண்டு. அங்கே ஒரு கோழி யானையைப் பொருது வென்றது என்பது கதை. கபரகொய்யாவைக் கண்ட நாள் முதலாக அக்கதையை வகுப்பிலே முன்னைப்போல் சிரித்துக்கொண்டு சொல்ல எம்மால் இயலவில்லை.

இத்தகைய சேவலைத்தான் நாம் அனுப்பிவிட நேரவிருந்தது. அயல் வீட்டு முதியவர் கடும் நோயுற்று, வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். இரண்டு வாரம் சென்றதும் அவருடைய துணைவியார் மதிலருகே வந்தார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. இவர் இரவு முழுக்க நித்திரை இல்லாமல் கிடந்து, விடியப்புறந்தான் கொஞ்சம் கண்ணயருகிறார். அந்த நேரம் பாத்து உங்கடை சேவல் கூவுது. சொல்லவும் மனமில்லை, சொல்லாமல் இருக்கவும் ஏலாமல் கிடக்கு."

அம்மையார் கோபித்துப் பேசியிருந்தால் மறுமொழி சொல்லியிருக்கலாம். பிரான்சு தேசத்திலே ஒலெரோன் தீவில் மொறிஸ் என்ற சேவலின் கூவலை எதிர்த்து அயலார் வழக்குத் தொடுக்க, 2019 செப்டெம்பரிலே றொஷ்ஃபோர் நீதிமன்றம் சேவலின் பக்கமே தீர்ப்பளித்தது. 2021இல் நாட்டுப்புறத்து ஒலிகளையும் மணங்களையும் காக்கும் சட்டமொன்றையும் அந்நாட்டார் இயற்றினார்கள். ஆயினும் நோயாளியின் தலைமாட்டில் நின்று சட்டம் பேசலாகாது.

'இருட்டறையில் அடைத்தால் விடிந்தது தெரியாது, கூவாது' என்றார்கள் நண்பர்கள். அது முற்றிலும் உண்மையன்று. யப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்தார் சேவல்களை இரவு பகலற்ற மங்கிய ஒளியிலேயே வைத்துப் பார்த்தபோதும், அவை விடியும் வேளையை உள்ளேயே அறிந்து கூவின என்று 2013இல் வெளியிட்டார்கள். பல சேவல்கள் இருந்தால் மூத்த நிலையிலுள்ளதே முதலிற் கூவும், மற்றவை வரிசைப்படி கூவும் என்பதும் அவர்கள் 2015இல் கண்ட செய்தி. கூவும்போது சேவலின் காதுத் துவாரம் உள்ளேயே மூடிக்கொள்ளுமென்று பெல்ஜியத்து அன்ற்வேர்ப் நகர அறிஞர் 2018இல் அறிவித்தார்கள். தன் குரல் தன்னைத் தாக்காதபடி அதற்கு இயற்கை ஒரு வழி செய்திருக்கின்றது, அயலாருக்குச் செய்யவில்லை. கூவாதபடி கழுத்திலே பட்டி கட்டும் வழக்கமும் சில நாடுகளில் உண்டு. குஞ்சுகளுக்காக வாலைக் கொடுத்த சேவலின் கழுத்தை நெரிக்க எமக்கு மனம் வரவில்லை.

ஆகவே கூவலை நிறுத்தாமல் அதன் வழியை மறித்தோம். பழைய குசினியோடு ஒட்டிய விறகறைக்குச் செங்கற்சுவர். அயல் வீட்டுப் பக்கத்து யன்னலைப் பலகையடித்து, உள்ளே சாக்குகளைத் தொங்கவிட்டோம். காற்றுக்காகக் கடற்பக்கத்துச் சுவரின் மேலே மட்டும் இடைவெளி விட்டோம். மாலையிலே சேவலைத் தூக்கி அங்கே விடுவது. காலை ஆறு மணிக்குமுன் திறப்பதில்லை. சாதுச் சேவலானபடியால் நாள்தோறும் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. முதற் சேவலாக இருந்திருந்தால் இவ்வேற்பாடு ஒரு நாளும் நடந்திராது.

பலன் உண்டா என்று எம் வீட்டிலிருந்து அறிய முடியாது. அம்மையாரின் அநுமதியோடு, ஒரு விடியற்புறம் நாலரை மணிக்கு முதியவரின் கட்டிலருகே ஒரு கதிரையிற் போய் உட்கார்ந்தோம். அவர் விழித்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. கடலின் ஓசை கேட்டது. சற்று நேரத்தில் கடற்கரைப் பாதையிலே முதற் புகையிரதம் போயிற்று. யன்னற் கண்ணாடி அதிர்ந்தது. அதன் பிறகு, மிக மெல்லியதாய், சேவல் கூவிற்று.

"கேக்குது" என்றார் முதியவர். எமக்கு நெஞ்சு துணுக்குற்றது. "ஆனால் தூரத்திலை கேக்குது, தம்பி. ஊரிலை, வயலுக்கு அங்காலை கூவுற மாதிரிக் கிடக்கு. இது பறுவாயில்லை." கண்களை மூடிக்கொண்டார். கிளிநொச்சிக்கு அனுப்புவதற்காகக் கழுவி வைத்திருந்த கரப்பை அன்று காலையே பரணில் ஏற்றினோம்.

மூன்று மாதங்களின் பின் அவர் காலமானார். அந்தியேட்டி முடிந்த மறுநாள் அம்மையார் மதிலருகே வந்து, "இனி ஆருக்குத் தம்பி அதை அடைச்சு வைச்சிருக்கிறியள்? பாவம், விடுங்கோ" என்றார். அன்றிரவு விறகறையை நாம் பூட்டவில்லை. நாலே முக்காலுக்குச் சேவல் மதிலின்மேல் ஏறி நின்று, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கூவிற்று. அயல் வீட்டிலே விளக்கு எரியவில்லை. தொடர்மனையின் மூன்றாம் மாடியிலே எரிந்தது. அங்கே அந்த மாதந்தான் ஒரு குழந்தை பிறந்திருந்தது, அது வீரிட்டு அழத் தொடங்கிற்று. மறுநாள் மாலை சேவலைத் தூக்கிக்கொண்டு மீண்டும் விறகறைக்கு நடந்தோம். இப்பொழுது அந்தக் கதவைக் காலை ஆறு மணிக்குத் திறந்துவிடுபவள் எம் மகள்.